கொஞ்சம் துக்கத்தைப் போக்கும் கஞ்சி

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா,

ரமலானில் அல்லாஹ்வின் பெயர்களைப் பற்றி நீங்கள் எழுதிய தொடரில் 'லதீஃப்' பற்றிய குறிப்பைப் படித்தேன். மென்மையானவன், நம் அன்றாடத்தில் சத்தமில்லாமல் நுழைகிறவன் என்று எழுதியிருந்தீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு குழறும், விழுங்குவதற்குச் சிரமப்படுவார். பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். தம்பி துபாயில் இருக்கிறான். மாதாமாதம் பணம் அனுப்புகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போன் செய்து, "சபூரா இரு அக்கா, அல்லா சோதிக்கிறான்" என்பான், பொறுமையாக இருக்கச் சொல்லி. சின்னம்மா ஒருவர் வந்தால், "இத்தனை மாத்திரையக் குடுத்தா ஓதுறது எப்படிம்மா வேலை செய்யும்?" என்று கேட்டுவிட்டுப் போவார். பாங்கு சொல்லும்போதெல்லாம் அம்மா அழுகிறார். தொழுகை போய்விட்டது என்ற அழுகை.

போன வாரம் நடுராத்திரியில் மூன்றாவது தடவையாக விரிப்பு மாற்றும்போது, "யா அல்லாஹ், ஒண்ணு இவங்கள எடுத்துக்கோ, இல்லேன்னா என்னை எடுத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா தூங்கவில்லை. மறுநாள் முழுக்க அவர் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து துஆவுக்கு, பிரார்த்தனைக்கு, கை தூக்கினால் எனக்கு வார்த்தை வருவதில்லை. அந்த மென்மை என் வீட்டில் எங்கே இருக்கிறது? தத்துவம் வேண்டாம் அக்கா.

(பெயர் வேண்டாம்)

*

வ அலைக்குமுஸ் ஸலாம் தங்கச்சி,

உங்கள் மின்னஞ்சல் வந்த நேரம் இரவு 2.47. அதைப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தையே படித்தேன்.

முதலில், உங்கள் எரிச்சல் நியாயமானது. அந்தக் குறிப்பை நான் நோன்பு திறந்த பிறகு, வயிறு நிறைந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். அந்த நேரத்தில் எல்லாமே மென்மையாகத்தான் தெரியும். மூன்றாவது தடவை விரிப்பு மாற்றுகிறவரை மனதில் வைத்து அதில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

நீங்கள் வாய்விட்டுச் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. மரணத்தைக் கேட்கக் கூடாது என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறதே என்று உங்கள் மனசே உங்களைக் குத்திக்கொண்டிருக்கும். இருக்கிறது, புகாரி ஹதீஸ் தொகுப்பில். ஆனால் அந்த ஹதீஸ் தடையோடு முடிந்துவிடவில்லை. தாங்கவே முடியாமல் ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிக் கேட்கட்டும் என்று சொல்லிக்கொடுக்கிறது: "வாழ்வு எனக்கு நல்லதாக இருக்கும்வரை என்னை வாழவை, மரணம் எனக்கு நல்லதாக இருக்கும்போது என்னை எடுத்துக்கொள்." அந்த நிலைமைக்கு வருகிறவர்களும் இருப்பார்கள் என்று தெரிந்துதானே இப்படி ஒரு வாசகம் தரப்பட்டிருக்கிறது?

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. குர்ஆனின் அத்தியாயமான ஸூரா மர்யமை எடுத்து 23ஆம் வசனத்திலிருந்து நான்கு வசனம் படியுங்கள். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண், ஈஸா நபியின் (இயேசுவின்) தாய் மர்யம். ஒரு ஸூராவே அவர் பெயரில் இருக்கிறது. பிரசவ வலி அவரை ஒரு பேரீச்ச மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. துணைக்கு ஆள் இல்லை. கணவன் இல்லாத நிலையில் பெற்றுக்கொண்டு ஊருக்குள் போனால் என்ன பேசுவார்கள் என்றும் தெரியும். அப்போது அவர் சொல்கிறார்: "இதுக்கு முன்னாடியே நான் செத்துப்போயிருக்கக் கூடாதா, அடியோட மறக்கப்பட்டவளா ஆகியிருக்கக் கூடாதா." நான் பேச்சுவழக்கில் எழுதியிருக்கிறேன், அர்த்தம் அதுதான். நீங்கள் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இதற்கு வந்த பதிலைப் பாருங்கள். "உனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதா" என்று யாரும் கேட்கவில்லை. "சபூரா இரு" என்றுகூடச் சொல்லவில்லை. துக்கப்படாதே, உன் காலடியில் உன் ரப்பு, உன் இறைவன், ஓர் ஓடையை வைத்திருக்கிறான், அடிமரத்தைப் பிடித்து உலுக்கு, பழுத்த பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. அவ்வளவுதான். 'கண் குளிர' என்று நாம் தமிழில் சொல்வதையே அரபியிலும் சொல்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம். அப்புறம் முக்கியமான விஷயம் ஒன்று: யாராவது மனிதர் எதிரே வந்தால், "ரஹ்மானுக்காக நோன்பு நேர்ந்திருக்கிறேன், இன்றைக்கு யாரிடமும் பேச மாட்டேன்" என்று சொல்லிவிடு. விளக்கம் கொடுக்கும் வேலையிலிருந்தே அவருக்கு விடுப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடிக்கும்போது எடுக்காமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர், பழம், பேசாமல் இருக்க அனுமதி. ஊரின் பழி அப்படியேதான் காத்திருந்தது. மரத்தை உலுக்கும் வேலையைக்கூட அந்த வலியோடு அவர்தான் செய்ய வேண்டியிருந்தது. லதீஃப் என்று நான் எழுதியதை இந்த அளவில் எழுதியிருக்க வேண்டும். பெரிதாக எழுதிவிட்டேன், தப்பு அங்கேதான்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இந்தப் பெயரோடு படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஓரிடத்தில் 'நுட்பமானவன்' என்பார்கள், இன்னோரிடத்தில் 'கிருபையுள்ளவன்' என்பார்கள். இரண்டும் சரி. கண்ணுக்குச் சிக்காத நுண்மையும் பரிவும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. யூஸுஃப் நபி இந்தப் பெயரை எப்போது சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். அண்ணன்மார் தள்ளிவிட்ட கிணற்றுக்குள் கிடந்தபோது சொல்லவில்லை. சிறையில் சொன்னதாகவும் இல்லை. எல்லாம் முடிந்து, அப்பாவும் அண்ணன் தம்பிகளும் எதிரே நிற்கும்போது, திரும்பிப் பார்த்து, "என் ரப்பு தான் நாடியதை நுட்பமாகச் செய்கிறவன்" என்கிறார். அப்படியிருக்க, கிணற்றுக்குள் இருக்கிற உங்களைப் பிடித்து இப்போதே மென்மையை உணரச் சொன்னது என் அவசரம். இன்னொரு பக்கம் அவருடைய அப்பா யாகூப் நபி, மகனைப் பிரிந்து அழுது அழுது கண்ணே வெளுத்துப்போனவர். மகன்கள் கடிந்துகொண்டபோது, "என் துக்கத்தை அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன்" என்றார். அவனிடம் போய் முறையிட்டால் அது சபூருக்குக் கெடுதல் இல்லை. நீங்கள் அந்த ராத்திரி சொன்னதும் "யா அல்லாஹ்" என்றுதானே ஆரம்பித்தது? துஆவுக்கு வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். அதுவே ஒரு துஆதான், கொஞ்சம் கரடுமுரடானது.

தத்துவம் வேண்டாம் என்றீர்கள். சரி, என் கதையைச் சொல்கிறேன். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் வருஷம் படுக்கை. சாப்பாடு ஊட்டுவது என் வேலை. வாயில் வாங்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் விழுங்க மாட்டார். ஒருநாள் மத்தியானம், அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் சிலிண்டர்காரர் கூப்பிடுகிறார், அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டியை அழுத்திவிட்டேன். கீழுதட்டில் பட்டு லேசாக ரத்தம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். என் மாமியார் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை: "பாத்தியா, என் மருமவ என்னைக் கரண்டியால அடிச்சுட்டா." சொல்லிவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். அடுத்த நாள் வந்தவர்களிடமும் அதே கதை. ஒரு வாரத்துக்குப் பார்க்க வந்த ஒருவரையும் விடவில்லை. எனக்கு முதலில் மானம் போன மாதிரி இருந்தது. பத்தாவது ஆளிடம் சொல்லும்போது நானும் சிரித்துவிட்டேன். என் மனசில் உறைந்து நின்றிருந்ததை அவர் அப்படிச் சொல்லிச் சொல்லியே கரைத்துவிட்டார் என்பது அவர் மௌத்தான (இறந்த) பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் இவ்வளவு நாடகம் தேவைப்பட்டிருக்காது.

அதனால் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருப்பதுதான் அந்த அறையில் இப்போது பெரிய பாரம். "அலுப்புல சொல்லிட்டேம்மா, மாப்பு குடும்மா" என்றால் போதும். அவர் குழறிக்கொண்டு என்ன பதில் சொன்னாலும் இருந்து கேளுங்கள். ஒருவேளை அவரும் அதே துஆவைத் தனக்காகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கலாம்.

சின்னம்மா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நன்னி (பாட்டி) கம்பம் ஊரில் இருந்தார். எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் டாக்டர், அப்புறம் பள்ளிவாசல். வரிசை மாறாது. ஊசி போட்ட கை வலிக்க வலிக்க, சாயங்காலம் ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீரோடு என்னை மஃரிபுக்குப் பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கே எங்களுக்கு முன்பே ஒரு கூட்டம் நிற்கும். பாதிக்கு மேல் முஸ்லிம்கள் இல்லை. திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அழுக்குப் புடவையோடு, இடுப்பில் குழந்தையோடு நிற்பார்கள். தொழுது முடித்து வெளியே வருகிறவர்கள் ஒவ்வொரு குழந்தையின் முகத்திலும் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். ஒருவர் மூச்சில் அத்தர் வாசனை, இன்னொருவர் மூச்சில் வெற்றிலை, சிலரிடம் பீடி. சுகாதாரமா என்று இன்றைக்குக் கேட்டால், இல்லைதான். என் பேத்தியை நான் அப்படி நிறுத்த மாட்டேன். ஆனால் கடையை எடுத்துவைக்க அவசரமாக ஓடுகிற ஒரு மனிதர், பெயர் தெரியாத ஒரு குழந்தைக்காக அரை நிமிஷம் குனிந்ததை மறக்க முடியவில்லை.

நன்னிக்கு மருந்துக்கும் ஓதலுக்கும் இடையே சண்டையே இல்லை. நபிகளிடமும் இல்லை. கிராமப்புற அரபிகள் வந்து, நாங்கள் வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, "செய்துகொள்ளுங்கள், அல்லாஹ்வின் அடியார்களே, மருந்து வைக்காமல் அவன் எந்த நோயையும் வைக்கவில்லை, ஒன்றைத் தவிர" என்றார்கள். அந்த ஒன்று எது என்று கேட்டார்கள். "முதுமை." மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் இன்னொரு பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. சின்னம்மாவுக்கு இந்த ஹதீஸைச் சொல்லுங்கள், டீ போட்டுக் கொடுங்கள், அனுப்பிவிடுங்கள்.

குணத்துக்காக ஓதுகிற துஆ உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'ஷாஃபீ', குணமாக்குபவன் என்ற பெயரே அந்த துஆவிலிருந்துதான் வருகிறது. மனிதர்களின் ரப்பே, துன்பத்தைப் போக்கு, குணமாக்கு, நீயே குணமாக்குபவன், நோயின் சுவடே விடாத குணத்தைக் கொடு. நபிகள் நோயாளியை வலக்கையால் தடவிக்கொண்டே இதை ஓதுவார்கள் என்று நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி சொல்கிறார். நபிகளே கடைசியாக நோயில் விழுந்தபோது ஆயிஷா நாயகி அவர்களுடைய கையைப் பிடித்து, அவர்கள் செய்கிற மாதிரியே செய்யப்போனார். நபிகள் கையை உருவிக்கொண்டார்கள். "யா அல்லாஹ், என்னை மன்னித்துவிடு, உயர்ந்த தோழனோடு என்னைச் சேர்த்துவிடு" என்றார்கள். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிற இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 'தோழன்' என்பதற்கு அங்கே வருகிற சொல் ரஃபீக். "அல்லாஹ் ரஃபீக், மென்மையை விரும்புகிறவன்" என்று அதே ஆயிஷா நாயகியிடம் இன்னொரு சமயம் சொன்னார்களே, அந்தச் சொல்தான். சுவடே விடாத குணத்தை அம்மாவுக்காகக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒருநாள் அவர் கையை உருவிக்கொண்டால், நீங்கள் ஓதியது பொய்த்துப்போனதாக ஆகாது.

தொழுகையைப் பற்றி. இம்ரான் இப்னு ஹுஸைன் என்ற ஸஹாபிக்கு (நபித்தோழருக்கு) மூல நோய். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்று நபிகள் அவருக்குச் சொன்னார்கள். மூலத்துக்கே இவ்வளவு சலுகை என்றால் அம்மாவுக்கு இல்லாமல் போகுமா? தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவுக்குத் தண்ணீர் முடியாதபோது, சுத்தமான மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் இருக்கிறது. சிறுநீர் நிற்காததற்கும் சட்டம் இருக்கிறது, ஊர்ப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள், அவர்கள் கேட்காத கேள்வியில்லை. கட்டிலைக் கிப்லாவுக்கு (மக்கா இருக்கும் திசைக்கு) திருப்ப முடிந்தால் திருப்புங்கள். பாங்கு சொன்னதும், "அம்மா, லுஹர், தக்பீர் கட்டுங்க" என்று இடது கையைப் பிடித்து நெஞ்சில் வையுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ஆயிஷா நாயகியின் சொந்தத்தில் யாராவது மௌத்தானால், துக்கத்துக்கு வந்த பெண்கள் எல்லாம் கலைந்து நெருங்கியவர்கள் மட்டும் மிஞ்சியதும், ஒரு பானையில் தல்பீனா காய்ச்சச் சொல்வாராம். வாற்கோதுமைக் கஞ்சி. அது நோயாளியின் மனசுக்கு ஆறுதல் தரும், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பார். 'கொஞ்சத்தை' என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். எல்லாத் துக்கமும் போகும் என்று அங்கே சொல்லப்படவில்லை. உங்களிடம் நான் பேசியிருக்க வேண்டிய அளவு அதுதான். வாற்கோதுமையை லேசாக வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் பத்து நிமிஷம் கிண்டிவிட்டு, பால் ஊற்றி இறக்குங்கள். சர்க்கரை நோய் இல்லையென்றால் தேன் சேர்க்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணியான பானம்தான் சட்டென்று புரையேறும், கொஞ்சம் கெட்டியானது நிதானமாக இறங்கும். எந்தக் கெட்டி என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள், கொடுத்ததும் உடனே சாய்த்துவிடாதீர்கள். இரண்டு கிண்ணமாகக் காய்ச்சுங்கள். இரண்டாவது உங்களுக்கு. சூடாக இருக்கும்போதே.

அப்புறம் தம்பி. "நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே" என்று மறுமையில் அல்லாஹ் கேட்பான் என்ற ஹதீஸ் குத்சீயை (அல்லாஹ்வின் வார்த்தையாக நபிகள் சொன்னது) வெள்ளிக்கிழமை குத்பா உரையில் அவர் நிறையக் கேட்டிருப்பார். நீ எப்படி நோயுறுவாய் என்று மனிதன் திகைப்பான். என் இன்ன அடியான் நோயுற்றிருந்தான், அவனைப் போய்ப் பார்த்திருந்தால் என்னை அவனிடம் கண்டிருப்பாய் என்று பதில் வரும். நீங்கள் மூன்று வருஷமாக அந்த இடத்திலேயே குடியிருக்கிறீர்கள். விடுமுறை கிடைக்காதவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் ராத்திரிப் பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரைக்கும், வாரத்தில் மூன்று நாளாவது, ஓர் உதவியாளரை வைத்தால் மாதம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக் கையில் தொகையோடு இருங்கள். இந்த வெள்ளிக்கிழமை அவர் போன் செய்து சபூரைப் பற்றி ஆரம்பித்ததும், அந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

அடுத்த கடிதம் பகலில் வரட்டும்.

அன்புடன்,
அக்கா